சதுரத்தின் மூலைவிட்டம்: எட்டுக்கூறு விதியும் அதன் துல்லிய எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை வர்க்கமூலம் இன்றிக் காண உதவும் விதியொன்று ‘போதையனார்’ பெயரில் தமிழ்ச் சூழலில் பரவலாக வழங்குகிறது. நெடும்பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றை நீக்கி, குறும்பக்கத்தில் பாதியைக் கூட்ட வேண்டும் என்பது அவ்விதி. இதனைப் பிதாகரஸ் தேற்றத்திற்கு முந்திய, அதற்கு நிகரான தேற்றமாகக் கொள்ளும் வழக்கமும் உண்டு. இக்கட்டுரை அவ்விதியைச் சதுரத்தின் பக்கம், மூலைவிட்டம், கோணம் ஆகியவற்றின் வழி சோதிக்கிறது. விதி இரண்டே இரண்டு பக்க விகிதங்களில் மட்டும் முழுத் துல்லியம் உடையது என்பதும், சதுரத்தில் 2.77 விழுக்காடு குறைவான விடையைத் தருகிறது என்பதும், அப்பிழை கோணத்தில் மூன்று பாகைக்கு மேற்பட்ட விலகலாக வெளிப்படுகிறது என்பதும் நிறுவப்படுகின்றன. சுல்ப நூல் தரும் மதிப்பு, தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் அமையும் மதிப்பு ஆகியன ஒப்பிடப்பட்டு, வகுப்பறைக்கும் மனை அளவைக்கும் ஏற்ற மாற்று விகிதங்கள் பரிந்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சதுரம், மூலைவிட்டம், கர்ணம், எட்டுக்கூறு விதி, சுல்ப நூல், தமிழ்ப் பின்னங்கள், தோராய மதிப்பு.

முன்னுரை

வடிவியலில் முதலில் கற்பிக்கப்படும் வடிவங்களுள் சதுரம் ஒன்று. அதன் நான்கு பக்கங்களும் சமம். நான்கு கோணங்களும் செங்கோணம். ஒரு பக்கம் தெரிந்தால் அதன் சுற்றளவும் பரப்பும் உடனே கிடைத்துவிடும். ஆயினும் எதிர்முனைகளை இணைக்கும் கோட்டின் நீளம் என்ன என்ற வினா எழுந்தவுடன் இவ்வெளிய வடிவம் கணித வரலாற்றின் ஆழமான சிக்கல்களுள் ஒன்றை நம்முன் நிறுத்துகிறது. பக்கம் 1 எனில் மூலைவிட்டம் √2. அதனை எந்தப் பின்னத்தாலும் முற்றாகச் சொல்லிவிட இயலாது. எனவே மூலைவிட்டத்தை நடைமுறையில் அளக்க விழைந்த ஒவ்வொரு பண்பாடும் ஒரு தோராய மதிப்பைத் தேடியிருக்கிறது. அத்தோராயம் எவ்வளவு நுட்பமானது, அதன் பிழை எங்கே வெளிப்படும் என்பன அம்மதிப்பைப் பயன்படுத்துவோர் அறிந்திருக்க வேண்டியவை.

தமிழ்ச் சூழலில் இவ்வினாவிற்குத் தனித்த தேவை ஒன்று உள்ளது. மேற்சுட்டிய எட்டுக்கூறு விதி இணையப் பகிர்வுகளிலும் மேடைப் பேச்சுகளிலும் தொடர்ந்து எடுத்தாளப்படுகிறது. மாணவரும் அதனை ஆசிரியரிடம் கொண்டுவந்து வினவுகின்றனர். அதனை முற்றாக ஏற்பதும் முற்றாகத் தள்ளுவதும் ஆய்வுநெறி ஆகா. விதி என்ன சொல்கிறது, எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்பதைக் கணக்கிட்டுக் காண்பதே முறை. அதற்குச் சதுரம் மிகப் பொருத்தமான உரைகல்லாகும்.

1. சதுரம்: சொல்லும் வரையறையும்

‘சதுர்’ என்னும் நான்கைக் குறிக்கும் வடசொல்லின் அடியாகப் பிறந்தது ‘சதுரம்’. எனினும் இன்றைய கலைச்சொல் வழக்கில் நான்கு பக்கம் உடைய எல்லா வடிவங்களையும் அது குறிப்பதில்லை. நான்கு பக்கம் உடையதை ‘நாற்கரம்’ என்றும், எதிர்ப்பக்கங்கள் இணையாக அமைந்ததை ‘இணைகரம்’ என்றும், கோணங்கள் செங்கோணமாக அமைந்ததைச் ‘செவ்வகம்’ என்றும், பக்கங்கள் மட்டும் சமமாக அமைந்ததைச் ‘சாய்சதுரம்’ என்றும் வழங்குகிறோம். செவ்வகமாகவும் சாய்சதுரமாகவும் ஒருங்கே அமைவது சதுரம். எதிர்முனைகளை இணைக்கும் கோடு ‘மூலைவிட்டம்’ எனத் தமிழகத்திலும் இலங்கையிலும் வழங்குகிறது. செங்கோணத்திற்கு எதிரே உள்ள பக்கத்தைத் தமிழகப் பாடநூல்கள் ‘கர்ணம்’ என்றும், இலங்கைப் பாடநூல்கள் ‘செம்பக்கம்’ என்றும் குறிக்கின்றன.

மேற்கண்ட வரையறை நடைமுறையில் ஒரு முக்கியமான விளைவை உடையது. நான்கு பக்கங்களையும் அளந்து அவை சமம் எனக் கண்டால் மட்டும் ஒரு வடிவம் சதுரம் ஆகிவிடாது. அது சாய்சதுரமாக இருக்கலாம். இரு மூலைவிட்டங்களும் சமம் எனக் கண்டாலும் போதாது. அது செவ்வகமாகவோ இருசமபக்கச் சரிவகமாகவோ இருக்கலாம். பக்கங்கள் நான்கும் சமம், மூலைவிட்டங்கள் இரண்டும் சமம் என்னும் இரு நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேறினால், கோணத்தை அளக்காமலே அது சதுரம் என உறுதிசெய்யலாம். நீளங்களை மட்டும் கொண்டு கோணத்தை உறுதிசெய்யும் இவ்வாய்ப்பே மூலைவிட்டத்தின் முதன்மையான பயன் எனலாம்.

2. பக்கம், மூலைவிட்டம், கோணம்: உறவுகள்

சதுரத்தின் பக்கத்தை ‘ப’ என்றும் மூலைவிட்டத்தை ‘ம’ என்றும் கொள்வோம். மூலைவிட்டம் சதுரத்தை இரண்டு சர்வசம முக்கோணங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றின் கோணங்களும் 90°, 45°, 45°. பிதாகரஸ் தேற்றப்படி ம² = ப² + ப² = 2ப². ஆகவே,

ம = ப × √2 = 1.41421… × ப
ப = ம ÷ √2 = 0.70710… × ம
பரப்பு = ப² = ம² ÷ 2
சுற்றளவு = 4ப = 2√2 × ம

எடுத்துக்காட்டாக, மூலைவிட்டம் 10 மீட்டர் எனில் பக்கம் 7.07 மீட்டர், பரப்பு 50 சதுர மீட்டர், சுற்றளவு 28.28 மீட்டர். இவற்றுள் பரப்பு மட்டும் √2 இன்றி முழு எண்ணாக வருவது நோக்கத்தக்கது. மூலைவிட்டத்தைப் பக்கமாகக் கொண்டு வரையப்படும் சதுரம் முதற்சதுரத்தைப் போல் இருமடங்கு பரப்புடையது என்பதே இதன் வடிவியற் பொருள். பிளேட்டோவின் ‘மெனோ’ உரையாடலில் சாக்ரடீஸ் ஓர் அடிமைச் சிறுவனைக் கொண்டு வெளிக்கொணரும் உண்மையும் இதுவே. ‘இருமடங்கு பரப்புக்கு இருமடங்கு பக்கம்’ எனச் சிறுவன் முதலில் கூறும் விடை நான்கு மடங்கு பரப்பைத் தந்துவிடுகிறது. சரியான பக்கம் மூலைவிட்டமே எனப் பின்னர் தெளிகிறான்.

இரு மூலைவிட்டங்களும் ஒன்றையொன்று செங்கோணத்தில் சமமாக வெட்டுகின்றன. அதனால் சதுரம் நான்கு சர்வசம இருசமபக்கச் செங்கோண முக்கோணங்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு முனைக்கோணமும் மூலைவிட்டத்தால் 45° கொண்ட இரு சமக் கோணங்களாகிறது.

பக்கங்கள் சமமாக இருந்தும் முனைக்கோணம் 90° இலிருந்து விலகினால் மூலைவிட்டம் எவ்வளவு மாறும் என்பது இக்கட்டுரைக்கு அடிப்படையான வினா. சதுரத்திற்கு அண்மையில், கோணம் ஒரு பாகை மாறும்போது மூலைவிட்டம் பக்கத்தின் ஏறத்தாழ 1.2 விழுக்காடு மாறுகிறது. 10 மீட்டர் பக்கமுடைய சதுரத்தில் இது 12 சென்டிமீட்டர் ஆகும். இதனை மறுதலையாக நோக்கினால், மூலைவிட்ட மதிப்பில் நேரும் 3 விழுக்காட்டுக்கு நெருங்கிய பிழை ‘சிறிய பிழை’ அன்று என்பது புலனாகும். அது கோணத்தில் பல பாகை விலகலுக்கு ஈடானது.

3. பழைய மதிப்புகள் இரண்டு

3.1 பாபிலோனியக் களிமண் பலகை

யேல் பல்கலைக்கழகத் தொகுப்பில் 7289 என்னும் எண்ணுடைய பாபிலோனியக் களிமண் பலகை ஏறத்தாழ கி.மு. 1800–1600 காலத்தது. அதில் ஒரு சதுரமும் அதன் இரு மூலைவிட்டங்களும் வரையப்பட்டுள்ளன. பக்கத்தில் 30 என்னும் எண்ணும், மூலைவிட்டத்தின்மேல் அறுபதின்மான முறையில் 1. 24, 51, 10 என்னும் எண்ணும், அதன்கீழ் 42. 25, 35 என்னும் எண்ணும் பொறிக்கப்பட்டுள்ளன. முதலெண்ணைத் தசமத்தில் எழுதினால் 1.414213 ஆகிறது. அதனை 30ஆல் பெருக்கக் கிடைப்பது இரண்டாம் எண். √2இன் மதிப்பு ஐந்து தசம இடங்கள்வரை சரியாக அமைந்திருப்பதும், அது எந்தப் பக்கத்திற்கும் பொருந்தும் பெருக்கெண்ணாகத் தனித்து எழுதப்பட்டிருப்பதும் குறிப்பிடத்தக்கன.

3.2 சுல்ப நூல் மதிப்பு

‘சுல்பம்’ என்பதற்குக் கயிறு என்பது பொருள். வேள்விமேடைகளைக் கயிறும் முளையும் கொண்டு அளந்து அமைக்கும் நெறிகளைக் கூறுவன சுல்ப நூல்கள். அவற்றுள் பழமையானதாகக் கருதப்படும் பௌதாயன சுல்ப நூல், செவ்வகத்தின் இரு பக்கங்களின் வர்க்கங்களது கூடுதல் மூலைவிட்டத்தின் வர்க்கத்திற்குச் சமம் என்னும் பொதுக்கருத்தைக் கூறுகிறது. சதுரத்தைத் தனியாகவும் குறிப்பிடுகிறது. அதன்பின், சதுரத்தின் மூலைவிட்டத்தைக் காணப் பக்கத்தோடு அதன் மூன்றிலொரு பங்கையும், அம்மூன்றிலொன்றின் நான்கிலொரு பங்கையும் கூட்டி, பின்னதன் முப்பத்து நான்கிலொரு பங்கைக் கழிக்குமாறு விதிக்கிறது.

1 + 1/3 + 1/12 − 1/408 = 577/408 = 1.4142157

உண்மை மதிப்போடு ஒப்பிடப் பத்து லட்சத்தில் இரண்டு அளவே இதில் வேறுபாடு. இதனைப் பெற்ற வழி குறித்துக் கணித வரலாற்றாய்வாளர் முன்வைக்கும் விளக்கம் வடிவியல் சார்ந்தது. முதல் மூன்று உறுப்புகளின் கூடுதல் 17/12. அதன் வர்க்கம் 289/144. அதாவது 2ஐ விட 1/144 மிகுதி. இம்மிகுதியை நீக்க, 17/12 பக்கமுடைய சதுரத்தின் அடுத்துள்ள இரு பக்கங்களிலிருந்து மெல்லிய பட்டைகளை வெட்ட வேண்டும். இரு பட்டைகளின் மொத்த நீளம் 34/12; எனவே பட்டையின் அகலம் 1/144 ÷ 34/12 = 1/408. விதியில் 34 என்னும் எண் இடம்பெறும் காரணம் இதனால் விளங்குகிறது. மேலும் 577² = 332929; 2 × 408² = 332928. இரண்டிற்கும் இடைவெளி ஒன்றே.

இங்கு ஒரு தெளிவு தேவை. ‘பௌதாயனர்’, ‘போதையனார்’ என்னும் பெயர்களின் ஒலியொப்புமையால் சுல்ப நூலின் கூற்றும் தமிழில் வழங்கும் எட்டுக்கூறு விதியும் ஒன்றெனக் கருதப்படுவதுண்டு. அவை கணித நோக்கில் முற்றிலும் வேறானவை. முன்னது வர்க்கங்களின் கூடுதல் பற்றிய பொதுவிதி; பின்னது பக்கங்களின் பகுதிகளைக் கூட்டும் தோராய விதி. ஒன்றன் பெருமையை மற்றதன்மேல் ஏற்றுவது பொருந்தாது.

4. எட்டுக்கூறு விதி

4.1 விதியின் அமைப்பு

நெடும்பக்கம் ‘நெ’ என்றும், குறும்பக்கம் ‘கு’ என்றும் கொண்டால் விதியை இவ்வாறு எழுதலாம்.

கர்ணம் = நெ − நெ/8 + கு/2 = (7/8) நெ + (1/2) கு

அரை, அரைக்கால் என்னும் இரண்டு பின்னங்களே இதில் பயில்கின்றன. இவை தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் மனனம் செய்யப்பட்டவை. கயிற்றை மும்முறை இரண்டாக மடித்தால் எட்டுக் கூறும், ஒருமுறை மடித்தால் பாதியும் கிடைக்கும். எழுத்தும் வர்க்கமூலமும் இன்றிக் கையால் செய்யத்தக்க விதி இது என்பதில் ஐயமில்லை.

4.2 துல்லியமாகப் பொருந்தும் இடங்கள்

கு/நெ என்னும் விகிதத்தை ‘வி’ எனக் கொள்வோம். விதி தரும் விடை 7/8 + வி/2. உண்மை விடை √(1 + வி²). இரண்டும் சமமாக வேண்டுமாயின், இருபுறமும் வர்க்கப்படுத்திச் சுருக்கக் கிடைப்பது,

48வி² − 56வி + 15 = 0

இச்சமன்பாட்டின் தீர்வுகள் 3/4, 5/12 என்னும் இரண்டே. அதாவது விதி 3, 4, 5 என்னும் முக்கோணத்திலும் 5, 12, 13 என்னும் முக்கோணத்திலும், அவற்றின் மடங்குகளிலும் முழுத் துல்லியம் உடையது. பிற எந்த விகிதத்திலும் துல்லியம் உடையதன்று. விதியை விளக்குவோர் பெரும்பாலும் இவ்விரு முக்கோணங்களையோ இவற்றின் மடங்குகளாகிய 6, 8, 10 போன்றவற்றையோ எடுத்துக்காட்டும்போது அது எப்போதும் பொருந்தும் என்னும் தோற்றம் உண்டாவதற்கு இதுவே காரணம்.

இதன் மறுதலையும் சுவையானது. நெடும்பக்கத்தின் ஒரு பகுதியையும் குறும்பக்கத்தின் ஒரு பகுதியையும் கூட்டி மேற்கண்ட இரு முக்கோணங்களின் கர்ணத்தையும் பெற வேண்டும் என நிபந்தனை இட்டால், அப்பகுதிகள் 7/8, 1/2 என்றே அமைய முடியும். வேறு எண்கள் பொருந்தா. புகழ்பெற்ற இரு முழுவெண் முக்கோணங்களை அறிந்த ஒருவர் அவற்றிலிருந்தே இவ்விதியை அமைத்துவிடலாம் என்பது இதனால் அறியப்படுகிறது. இது கணித நோக்கிலான வாய்ப்பே. வரலாற்றுச் செய்தி அன்று.

4.3 பிழையின் அளவு

அட்டவணை 1: எட்டுக்கூறு விதியும் உண்மை மதிப்பும்

| நெடும்பக்கம் | குறும்பக்கம் | விதி தரும் விடை | உண்மை விடை | பிழை (விழுக்காடு) |
|---|---|---|---|---|
| 4 | 3 | 5 | 5 | 0 |
| 12 | 5 | 13 | 13 | 0 |
| 7 | 4 | 8.125 | 8.062 | +0.78 |
| 15 | 8 | 17.125 | 17 | +0.74 |
| 21 | 20 | 28.375 | 29 | −2.16 |
| 24 | 7 | 24.5 | 25 | −2.00 |
| 8 | 8 | 11 | 11.314 | −2.77 |
| 40 | 9 | 39.5 | 41 | −3.66 |

விகிதம் 5/12க்கும் 3/4க்கும் இடைப்பட்டதாயின் விதி சற்று மிகுதியான விடை தருகிறது. அம்மிகுதி 4/7 என்னும் விகிதத்தில் உச்சம் எய்துகிறது. அங்கும் அது 0.78 விழுக்காடே. இவ்விடைவெளிக்கு வெளியே விதி குறைவான விடை தருகிறது. குறும்பக்கம் நெடும்பக்கத்தின் காற்பங்கிற்குக் குறையாதவரை பிழை 3 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. காற்பங்கிற்கும் குறைந்தால் விதி பொருந்தாமை வெளிப்படையாகவே தெரிகிறது. அட்டவணையின் இறுதி வரியில் கர்ணம் 39.5 என வருகிறது. ஆனால் நெடும்பக்கமே 40. செங்கோண முக்கோணத்தில் கர்ணம் பிற பக்கங்களைவிடச் சிறியதாக இருத்தல் இயலாது.

4.4 சதுரத்தில் விதி

சதுரத்தில் நெடும்பக்கமும் குறும்பக்கமும் ஒன்றே. எனவே விதி 7/8 + 1/2 = 11/8 என்னும் பெருக்கெண்ணைத் தருகிறது. தமிழ்ப் பின்னத்தில் இது ஒன்றே காலே அரைக்கால், தசமத்தில் 1.375. மூலைவிட்டத்திலிருந்து பக்கத்தைக் காண இதனைத் தலைகீழாக்கினால் 8/11 கிடைக்கும். அவ்வாறு கண்ட பக்கத்தைக் கொண்டு பரப்பைக் கணக்கிட்டால் ம² × 64/121 என வரும். உண்மைப் பரப்போ ம² × 1/2. ஆகவே பரப்பு 5.8 விழுக்காடு மிகைப்படுகிறது. நிலத்தின் விலை பரப்பைக் கொண்டு அமையும் இடத்தில் இவ்வேறுபாடு புறக்கணிக்கத்தக்கது அன்று.

4.5 கோணத்தில் வெளிப்படும் பிழை

பிழையின் முழு விளைவு கோணத்தில்தான் தெரிகிறது. 8 மீட்டர் பக்கமுடைய சதுர மனைக்குக் கடைக்கால் தோண்டுமுன் நான்கு முளைகளை அடித்துக் கயிறு கட்டுவதாகக் கொள்வோம். பக்கங்கள் நான்கும் 8 மீட்டர். விதிப்படி ஒரு மூலைவிட்டத்தை 11 மீட்டராக வைத்து முளைகளை நிறுத்தினால், அம்மூலைவிட்டத்திற்கு எதிரே அமையும் கோணத்தின் கொசைன் (64 + 64 − 121)/128 = 7/128. எனவே கோணம் 86.87°, அடுத்த கோணம் 93.13°. மூலை மூன்று பாகைக்குமேல் சரிந்துவிடுகிறது. ஒரு சுவரின் மறுமுனை இருக்க வேண்டிய நேரிலிருந்து 44 சென்டிமீட்டர் விலகி நிற்கும்.

இவ்வாறு அமைந்த வடிவத்தின் பரப்பு 63.90 சதுர மீட்டர். 64 இலிருந்து இது மிகச் சிறிதே குறைவு. அதாவது பக்கங்களை அளந்தாலும், பரப்பைக் கணக்கிட்டாலும் பிழை புலப்படாது. இரண்டாம் மூலைவிட்டத்தை அளந்தால் மட்டும் 11.62 மீட்டர் என வந்து, முதலாவதிலிருந்து 62 சென்டிமீட்டர் வேறுபட்டு, வடிவம் சதுரம் அன்று என்பதைக் காட்டிவிடும். கட்டட வேலையில் இரு மூலைவிட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும், 3, 4, 5 அளவில் மூலை பார்ப்பதும், மூலைமட்டத்தை வைத்துச் சரிபார்ப்பதும் நிலைத்த வழக்கங்களாக இருப்பதன் நுட்பம் இங்கு விளங்கும். அவ்வழக்கங்களுக்கு √2இன் மதிப்பே தேவையில்லை.

5. பக்கங்களைக் கூட்டும் விதி ஏன் பொதுவிதி ஆகாது?

எட்டுக்கூறு விதியில் எண்களைச் சற்றே திருத்தினால் எல்லா முக்கோணங்களுக்கும் பொருந்தச் செய்யலாமா என்னும் வினா எழலாம். இயலாது என்பதற்கு இரு காரணங்கள் உள்ளன.

முதலாவது, விகிதத்தைக் கிடையச்சிலும் கர்ணத்தை நிலையச்சிலும் குறித்தால், விதி ஒரு நேர்கோடு. உண்மை உறவு ஓர் அதிபரவளைவின் பகுதி. நேர்கோடு அவ்வளைவை மிகுதியாக இரண்டு புள்ளிகளில்தான் வெட்டும். எட்டுக்கூறு விதி 3/4, 5/12 ஆகிய இரண்டு புள்ளிகளையும் முழுவெண் முக்கோணங்களாகப் பெற்றிருப்பது அதன் தனிச்சிறப்பு. அதற்கு மேல் எந்த விதியாலும் பெற இயலாது.

இரண்டாவது, சதுரத்திலிருந்தே கிடைக்கிறது. பின்னங்களைக் கொண்ட எந்த விதியும் 1 என்னும் பக்கத்திற்கு ஒரு பின்னத்தையே விடையாகத் தரும். √2 பின்னம் அன்று. ‘ப’ பக்கமும் ‘ம’ மூலைவிட்டமும் முழு எண்களாக உடைய சதுரம் ஒன்று உண்டெனக் கொண்டால், ம − ப பக்கமும் 2ப − ம மூலைவிட்டமும் உடைய, அதனினும் சிறிய முழுவெண் சதுரமும் இருந்தாக வேண்டும். அதிலிருந்து மேலும் சிறியது. அதிலிருந்து மேலும் சிறியது. நேர்ம முழு எண்கள் இவ்வாறு முடிவின்றிக் குறைந்துகொண்டே செல்ல இயலாது. எனவே தொடக்கக் கருத்தே பொய்யாகிறது.

இவ்வழியையே மேல்நோக்கித் திருப்பினால் நல்ல தோராயங்கள் பிறக்கின்றன. ஒரு படியில் பக்கமும் மூலைவிட்டமும் தெரிந்தால், இரண்டையும் கூட்ட அடுத்த பக்கமும், இருமடங்கு பக்கத்தோடு மூலைவிட்டத்தைக் கூட்ட அடுத்த மூலைவிட்டமும் கிடைக்கும். 1, 1 எனத் தொடங்கினால் 2, 3, 5, 7, 12, 17, 29, 41, 70, 99, 169, 239, 408, 577 என வரிசை வளர்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான ஸ்மிர்னா நகரத் தியோன் இவ்வரிசையைப் ‘பக்க எண், மூலைவிட்ட எண்’ என விளக்கியுள்ளார். எட்டாம் படியில் சுல்ப நூலின் 577/408 வந்து நிற்பது காண்க. ஒவ்வொரு படியிலும் மூலைவிட்டத்தின் வர்க்கம் பக்க வர்க்கத்தின் இருமடங்கிலிருந்து ஒன்று மட்டுமே கூடியோ குறைந்தோ அமையும்.

6. தமிழ்ப் பின்னங்களில் மூலைவிட்டம்

தமிழ்ப் பின்ன வாய்பாடு முந்திரி (1/320) வரை நுட்பமாக வகுக்கப்பட்டது. அதற்குக் கீழும் கீழ்வாய்ப் பின்னங்கள் உண்டு. இம்முறையில் √2ஐ எவ்வளவு நெருக்கமாக எழுதலாம்? காணி (1/80) அளவில் நின்றால் 113/80, அதாவது 1.4125 கிடைக்கிறது. முந்திரி அளவுக்கு இறங்கினால் 453/320, அதாவது 1.415625. இதனைப் பிரித்து எழுதினால்,

1 + 1/4 + 1/8 + 3/80 + 1/320

ஒன்றே காலே அரைக்காலே முக்காணியே முந்திரி என இது வாசிக்கப்படும். இதன் பிழை ஆயிரத்தில் ஒன்றே. எட்டுக்கூறு விதி சதுரத்திற்குத் தரும் ‘ஒன்றே காலே அரைக்கால்’ இதன் முதல் மூன்று உறுப்புகளாக அமைந்துள்ளது. அதனோடு முக்காணியும் முந்திரியும் சேர்த்தால் விதியின் பிழை ஏறத்தாழ இருபத்தெட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. தமிழ் அளவை மரபின் கருவிகள் கொண்டே விதியை எவ்வளவு நுணுக்கமாகத் திருத்த இயலும் என்பதற்கு இது சான்று. இங்குக் காட்டியது இக்கட்டுரையின் கணக்கீடே. பழைய நூல் எதனிலிருந்தும் எடுத்தது அன்று.

7. பயன்பாட்டிற்கு ஏற்ற விகிதங்கள்

அட்டவணை 2: சதுரத்திற்கான தோராய விகிதங்கள்

| மூலைவிட்டம் / பக்கம் | தசம மதிப்பு | பிழை (விழுக்காடு) | அமையும் கோணம் |
|---|---|---|---|
| 11/8 (எட்டுக்கூறு விதி) | 1.375 | −2.77 | 86.87° |
| 7/5 | 1.4 | −1.01 | 88.85° |
| 17/12 | 1.41667 | +0.17 | 90.20° |
| 99/70 | 1.414286 | +0.005 | 90.006° |
| 577/408 (சுல்ப நூல்) | 1.4142157 | +0.00015 | 90.0002° |

இவற்றுள் 17/12 தனிச்சிறப்புடையது. அடி, அங்குல அளவில் ஓரடிச் சதுரத்தின் மூலைவிட்டம் 17 அங்குலம் என இது ஆகிறது. பத்தடிச் சதுரத்திற்கு 170 அங்குலம், அதாவது 14 அடி 2 அங்குலம். உண்மை மதிப்பு இதனினும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்களவே குறைவு. எட்டுக்கூறு விதியோ 13 அடி 9 அங்குலம் தந்து, நாலரை அங்குலத்திற்குமேல் தவறுகிறது. ‘அடிக்குப் பதினேழு அங்குலம்’ என்பது நினைவிற்கும் எளிது. மீட்டர் அளவில் பணிபுரிவோர்க்கு 70க்கு 99 பொருந்தும். 7 மீட்டர் பக்கத்திற்கு மூலைவிட்டம் 9.90 மீட்டர், பிழை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

வகுப்பறையில் எட்டுக்கூறு விதியைத் தவிர்க்க வேண்டியதில்லை. அதனைத் தேற்றமாக அன்றிச் சோதனைக்குரிய கருதுகோளாக அறிமுகம் செய்வதே தகும். மாணவர் 3, 4 எனவும் 5, 12 எனவும் இட்டு வியந்தபின், 8, 8 என இடச் செய்ய வேண்டும். பின்னர் 48வி² − 56வி + 15 = 0 என்னும் சமன்பாட்டை அவர்களே வருவிக்கலாம். இருபடிச் சமன்பாடு, விகிதமுறா எண், தோராயப் பிழை, கொசைன் விதி ஆகிய நான்கு பாடப்பகுதிகள் ஒரே எடுத்துக்காட்டில் இணைவதைப் பிற பயிற்சிகளில் காண்பது அரிது.

8. உரிமைகோரல்கள் குறித்து

ஒரு விதியின் காலத்தையும் ஆசிரியரையும் கணிதச் சரிபார்ப்பால் முடிவு செய்ய இயலாது. அதற்குச் சுவடி, பதிப்பு வரலாறு, பிற நூல்களின் மேற்கோள், மொழிநடை ஆகிய சான்றுகள் வேண்டும். கணிதம் சொல்லக்கூடியது வேறு: எட்டுக்கூறு விதி பிதாகரஸ் தேற்றத்திற்கு நிகரானது அன்று, அதற்கு மாற்றும் அன்று. எவ்வளவு பழமையானதெனப் பின்னாளில் மெய்ப்பிக்கப்பட்டாலும் இம்முடிவு மாறாது. அவ்வாறே, விதி மிக அண்மைக் காலத்தது என மெய்ப்பிக்கப்பட்டாலும், இரு முழுவெண் முக்கோணங்களை ஒரே எளிய கூற்றில் அடக்கிய அதன் நயம் குறைவுபடாது. காலம், பொருத்தம் என்னும் இவ்விரு வினாக்களையும் தனித்தனியே வைத்து ஆராய்வது தமிழ்க் கணித வரலாற்றாய்விற்கு இன்றியமையாதது. பின்ன வாய்பாடு, நில அளவை, முகத்தலளவை எனக் காரிநாயனாரின் கணக்கதிகாரம் முதலிய நூல்களில் காணப்படும் செழுமை, மிகைக்கூற்றுகளின் துணையின்றித் தானே நிற்கவல்லது.

முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகளை இவ்வாறு தொகுக்கலாம்.

1. சதுரத்தின் மூலைவிட்டம் பக்கத்தின் √2 மடங்கு. பக்கங்கள் நான்கும் மூலைவிட்டங்கள் இரண்டும் சமம் எனக் காண்பதால் கோணத்தை அளக்காமலே சதுரத்தை உறுதிசெய்யலாம்.

2. எட்டுக்கூறு விதி 3 : 4, 5 : 12 என்னும் இரு விகிதங்களில் மட்டும் துல்லியமானது. குறும்பக்கம் நெடும்பக்கத்தின் காற்பங்கு முதல் முழுமைவரை அமையும்போது அதன் பிழை 3 விழுக்காட்டிற்குள் அடங்கும்.

3. சதுரத்தில் அதன் பிழை 2.77 விழுக்காடு. நீளத்தில் சிறிதாகத் தோன்றும் இப்பிழை கோணத்தில் 3.13 பாகையாகவும், மூலைவிட்டத்திலிருந்து காணும் பரப்பில் 5.8 விழுக்காடாகவும் வெளிப்படுகிறது.

4. பக்கங்களின் பகுதிகளைக் கூட்டும் எவ்விதியும் எல்லாச் செங்கோண முக்கோணங்களுக்கும் பொருந்த இயலாது.

5. மனை அளவைக்கு 17/12, 99/70 என்னும் விகிதங்கள் எளிமையும் நுட்பமும் ஒருங்கே உடையன. இவற்றைப் பயன்படுத்தும்போதும் இரண்டாம் மூலைவிட்டத்தை அளந்து ஒப்பிடுதல் வேண்டும்.

விதியை மெய்யெனப் போற்றுவோரும் பொய்யென இகழ்வோரும் அதனைச் சதுரத்தில் ஒருமுறை இட்டுப் பார்ப்பாராயின், அதன் இடம் இன்னதெனத் தெளிவாகும். குறிப்பிட்ட எல்லைக்குள் கைவசதிக்கு உதவும் நல்ல தோராயம் அது. அந்த எல்லையைக் குறிப்பிட்டே அதனைக் கற்பித்தல் வேண்டும்.